பயிருக்கும் ஒரு வைத்தியர் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவே மயிலிட்டி என்ற ஊர் இருக்கிறது. கரையோரம் மீன்பிடித் துறைமுகம். உள்ளே போனால் தோட்டக் காணிகள். வலையும் மண்வெட்டியுமாக வாழ்ந்த ஊர் அது. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது அவ்வூர் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிப் போயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில்தான் துறைமுகமும் அதை ஒட்டிய காணிகளும் மக்கள் கைக்குத் திரும்பின. எல்லாக் காணியும் ஒரே நாளில் திரும்பிவிடவும் இல்லை.

1990ஆம் ஆண்டு நமக்கும் மறக்க முடியாத ஆண்டு. அக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். அதே 1990இல்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. அந்தப் பீடமும் நிம்மதியாக ஓரிடத்தில் இருக்கவில்லை. போர் துரத்த யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்த பின்னரே கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது.

மூன்றையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலம் திரும்பிவிட்டால் போதாது. அந்த நிலத்தில் விளைய வைக்கும் அறிவும் கூடத் திரும்ப வேண்டும். அந்த அறிவின் ஒரு பகுதியைத்தான் தாவர நோயியல் என்கிறார்கள். நம் பெண் பிள்ளைகள் படிக்கத் தகுந்த படிப்பா இது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

பெயர் தெரியாத நோய்க்கு மருந்து

மயிலிட்டி போன்ற ஊரில், திரும்பி வந்த ஒரு குடும்பம் பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, சின்ன வெங்காயம் நடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்து வாங்கிய விதை வெங்காயம். சில வாரங்களில் இலை மஞ்சளாகி நுனி காய்கிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? கடைக்குப் போய், "இலை காயுது, ஒரு மருந்து தாருங்கோ" என்பார். கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்துக் கொடுப்பார். அடுத்த தோட்டத்துக்காரர், "யூரியா போதாது, இன்னும் கொஞ்சம் போடு" என்பார். இரண்டும் நடக்கும்.

ஆனால் இலை ஏன் காய்ந்தது? ஊதா நிறத்தில் வளையம் வளையமாகப் புள்ளி இருந்தால் அது ஒரு பங்கசின் வேலை. இலை முறுகிச் சுருண்டு, கழுத்துப் பகுதி நீண்டு போயிருந்தால் அது வேறொரு பங்கசு. யாழ்ப்பாணத்து வெங்காயத்தில் அதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். இலையில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போலக் கோடுகள் தெரிந்தால், இலை இடுக்கில் ஒளிந்து சாறு உறிஞ்சும் பேன் போன்ற சிறு பூச்சி. இவை எதுவுமில்லாமல் சத்துக் குறைவாலோ நீர் மிகுதியாலோ கூட நுனி காயலாம். பங்கசுக்கு அடிக்கிற மருந்து பூச்சியைக் கொல்லாது. பூச்சிக்கு அடிக்கிற மருந்து பங்கசை ஒன்றும் செய்யாது. நீர் தேங்கிய பயிருக்கு இரண்டும் வீண்.

வீண் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது, சகோதரிகளே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் குடிக்கிறார்கள், சமைக்கிறார்கள், தோட்டத்துக்கும் இறைக்கிறார்கள். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே போட்டது கீழே இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். தேவையில்லாமல் போட்ட ஒரு பை யூரியா, தோட்டத்திலிருந்து தொட்டில் வரை வருகிறது. நோயின் பெயரைச் சரியாகச் சொல்ல ஓர் ஆள் அந்த ஊரில் இருந்திருந்தால், காசும் மிஞ்சியிருக்கும், கிணறும் தப்பியிருக்கும்.

வீட்டு மிளகாய்ச் செடியில் ஒரு பாடம்

தோட்டம் இல்லாத வீட்டிலும் இரண்டு மிளகாய்ச் செடியாவது இருக்கும். அதில் இலை சுருண்டால் நாம் எல்லோரும் ஒரே பெயர்தான் சொல்வோம்: "குருமன்" என்போம், "சுருட்டை" என்போம். தாவர நோயியல் படித்த பிள்ளை அப்படிச் சொல்ல மாட்டாள். இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல இருக்கிறதா, கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த கிண்ணம் போல இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். மேல்நோக்கி என்றால் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியைச் சந்தேகிப்பாள். கீழ்நோக்கி என்றால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியை. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிப் போயிருந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசை.

முதல் இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து. மூன்றாவதற்கு மருந்தே இல்லை. வைரசு புகுந்த செடியைக் குணமாக்கும் இரசாயனம் எதுவும் கடையில் கிடைக்காது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, மற்றச் செடிகளை ஈயிடமிருந்து காப்பதுதான் வழி. இது தெரியாமல் வாராவாரம் மருந்தடித்து, அந்த மிளகாயையே பறித்துக் கறிக்குப் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

ஒரு நாட்டையே மாற்றிய செம்பொடி

பயிர் நோய் என்றால் ஏதோ தோட்டக்காரரின் தலைவலி என்று நினைக்கிறோம். இலங்கை ஏன் தேயிலை நாடாயிற்று என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். பாதிதான் சரி. ஆங்கிலேயர் மலைநாட்டில் முதலில் பெருமளவில் நட்டது கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. 1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற அறிஞர் அது ஒரு பங்கசு என்று கண்டு, அழிப்பவன் என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்.

தோட்ட முதலாளிகள் ஆரம்பத்தில் பொருட்படுத்தவில்லை. விலை நன்றாக இருந்தது. மேலும் காடு வெட்டி மேலும் கோப்பி நட்டார்கள். 1880இல் மார்ஷல் வார்டு என்ற 26 வயது இளைஞர் இந்நோயை ஆராயவென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பொடி காற்றில் பறந்து, ஈரமான இலையில் முளைவிட்டு, உள்ளே புகுந்து வளர்வதைப் படிப்படியாகக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டால் நோய்க்கு விருந்து வைத்தாற்போல் ஆகும் என்பதும் அவருடைய ஆய்விலிருந்து உலகம் கற்ற பாடம். ஆனால் அவர் வருமுன்பே காலம் கடந்துவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி சரிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பி பறிக்க வந்துபோன ஏழைக் குடும்பங்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க லயங்களிலேயே தங்க நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும் ஒரு சமூகத்தின் தலைவிதியையும் மாற்றியது.

இங்கிருந்து போன நோயும் உண்டு. வாழையில் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்குமே, அந்தக் கொத்து நோய் 1913 அளவில் இலங்கையில் காணப்பட்டது. 1940 அளவில் அது நம் நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போய், பின்னர் தமிழ்நாட்டின் பழனி மலை விருப்பாட்சி வாழையைப் பெரிதும் அழித்தது. நோய் பிடித்த ஒரு வாழைக் குட்டியை யாரோ அன்பளிப்பாகக் கொண்டு போனாலே போதும். கடவுச்சீட்டு இல்லாமல் நோய் கடல் கடந்துவிடும்.

கப்பலைத் திருப்பிய ஆய்வுகூடம்

இது அந்தக் காலக் கதை என்று எண்ண வேண்டாம். 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது நினைவிருக்கும். அதற்குப் பதிலாகச் சீனாவிலிருந்து சுமார் 20,000 தொன் சேதனப் பசளை கப்பலில் வந்தது. அதன் மாதிரியைத் தேசிய தாவரத் தொற்றுத் தடுப்புச் சேவையின் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பசளையில் உயிருள்ள பற்றீரியாக்கள் இருப்பதாகவும், கிழங்குகளையும் வெங்காயத்தையும் அழுகச் செய்யும் வகையைச் சேர்ந்தவை அவற்றில் உண்டு என்றும் 2021 செப்டெம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். கப்பலை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அனுப்பிய நிறுவனம் அந்த முடிவை மறுத்தது. விவகாரம் இரு நாட்டு உறவு வரை போயிற்று. கடைசியில் 2022 ஜனவரியில் இலங்கை சுமார் 67 இலட்சம் டொலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. பணம் போயிற்று, பசளை மட்டும் நம் மண்ணில் இறங்கவில்லை.

அரசியலை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். வெள்ளை மேலங்கி அணிந்த சிலர் ஒரு கண்ணாடித் தட்டைப் பார்த்துச் சொன்ன சொல், ஒரு பெருங்கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. பயிர் வைத்தியரின் கையொப்பத்துக்கு அவ்வளவு கனம்.

அந்தக் கண்ணாடித் தட்டைப் பற்றிச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. நோய்க் கிருமியை வளர்க்க ஆய்வுகூடத்தில் உருளைக்கிழங்கு அவித்த நீரில் சீனி சேர்த்து, அகார் என்ற பொருளால் உறைய வைக்கிறார்கள். அகார் வேறொன்றுமில்லை, நோன்பு திறக்க நீங்கள் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசிதான்! 1881இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வாளரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தால், ஆய்வுகூடத்துக்கும் இதுவே உகந்தது என்று கணவரிடம் சொன்னார். அதுவரை அவர்கள் பாவித்த ஜெலட்டின் சூட்டில் உருகிக் கெட்டுப் போய்க்கொண்டிருந்தது. இன்று உலகின் எல்லா ஆய்வுகூடங்களிலும் அந்த அடுக்களை அறிவு இருக்கிறது.

எங்கே படிப்பது, எப்படிப் படிப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் தாவர நோயியல் என்ற பெயரிலேயே தனியான இளமாணிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். விவசாய விஞ்ஞானத்தில் நான்கு ஆண்டு இளமாணிப் பட்டத்துக்குச் சேர்ந்து, அதற்குள் இதைப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பேராதனைப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், இன்னும் ருகுணு, ரஜரட்டை, வயம்ப, சப்ரகமுவ ஆகியவற்றில் இப்பட்டப் படிப்பு உண்டு. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் விவசாய உயிரியல் துறை என்ற துறையே இப்பாடத்தைக் கற்பிக்கிறது. விஞ்ஞான பீடத்தில் தாவரவியல் படிக்கும் மாணவரும் இதைத் தொட்டுப் போவார்கள்.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு எடுத்த பிள்ளைக்கு வழி திறந்திருக்கிறது. எந்தெந்தப் பாடச் சேர்க்கை ஏற்கப்படும், மாவட்ட வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பவற்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைக்கு 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. கற்பிப்பது ஆங்கில மொழியில். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும். ஆகவே பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்குவது புத்தி.

முதல் ஆண்டில் உயிரியல், இரசாயனம், புள்ளிவிபரம் போன்ற அடிப்படைகள். அடுத்து மண், பயிர், பூச்சி, கால்நடை, பொருளியல் என்று எல்லாம் வரும். அவற்றோடு தாவர நோயியலும் வரும். கடைசி ஆண்டில் தனக்குப் பிடித்த துறையில் ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். அங்கேதான் பிள்ளை உண்மையில் பயிர் வைத்தியர் ஆகத் தொடங்குகிறாள். நோயுற்ற இலையிலிருந்து கிருமியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதைத் தனியே வளர்க்க வேண்டும். நல்ல செடிக்கு ஏற்றி அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அதிலிருந்து மீண்டும் அதே கிருமியைப் பிரித்துக் காட்ட வேண்டும். நான்கும் பொருந்தினால்தான் 'இதுதான் காரணம்' என்று சொல்லலாம். சந்தேகத்தின் பேரில் யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்ற நீதி அங்கேயும் உண்டு!

மேலே படிக்க விரும்பினால் 1975 முதல் பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்கு குண்டசாலை, வவுனியா போன்ற இடங்களிலுள்ள விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா உண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1868இல் சைதாப்பேட்டையில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971இல் பல்கலைக்கழகமானதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அங்கேயும் முதலில் நான்கு ஆண்டு வேளாண்மைப் பட்டம்; அதன் பிறகே முதுநிலையில் பயிர் நோயியல் தனிப்படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் இடம் கிடைக்கும். நீட் தேர்வு தேவையில்லை.

பெற்றோரின் மூன்று கேள்விகள்

பெறுபேறு வெளியாகும் காலத்தில் மௌலவி ஆசிரியரிடம் மார்க்கத் தீர்ப்பு மட்டும் கேட்க வருவதில்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றியும் கேட்க வருகிறார்கள். விவசாயம் என்றதும் உம்மாமார் கேட்கும் கேள்விகள் மூன்று.

"மெடிசின் கிடைக்கவில்லை என்பதற்காக மண் கிண்டப் போவதா?" இது முதலாவது. இந்தக் கேள்வியில் மண்ணைப் பற்றிய இளக்காரம் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பர்ளு கிஃபாயாவான கல்விகளைக் கூறும்போது, மருத்துவத்தையும் கணிதத்தையும் சொன்னதோடு நிற்கவில்லை. விவசாயம், நெசவு போன்ற தொழில்களையும் அதில் சேர்க்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் மருத்துவம் படிக்க ஆளில்லாதிருக்க, எல்லோரும் சட்டக் கலையையே நெருக்கியடித்து நாடுகிறார்களே என்று வருந்தவும் செய்கிறார்கள். இன்று அந்த நெரிசல் மருத்துவ பீடத்து வாசலில் இருக்கிறது.

ஸ்பெயினில் இஸ்லாமிய ஆட்சி நிலவிய 12ஆம் நூற்றாண்டில், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் என்ற அறிஞர் 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற பெரிய விவசாய நூலை அரபியில் எழுதினார். 34 அத்தியாயங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் பேசப்படுகின்றன. மரங்களுக்கும் கொடிகளுக்கும் வரும் நோய்களையும் அவற்றின் அடையாளங்களையும் பரிகாரங்களையும் விரிவாகச் சொல்கிறார். ஐரோப்பியர் இதை மதித்து 1802இல் ஸ்பானிய மொழியிலும், 1860களில் பிரெஞ்சிலும் பெயர்த்துக்கொண்டார்கள். அரபுக் கல்லூரியில் அரபி படித்த நம்மில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

மருத்துவத்துக்கே பயிர் நோயியல் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். வைரசு என்ற ஒன்று இருக்கிறது என்று மனிதன் முதன்முதலில் அறிந்தது நோயாளியின் உடலில் அல்ல, புகையிலை இலையில்! 1892இல் இவானொவ்ஸ்கியும் 1898இல் பெய்யரிங்கும் புகையிலையின் தேமல் நோயை ஆராய்ந்துதான் அந்த உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நட்ட அதே புகையிலைதான்.

"பெண் பிள்ளை வயலிலும் வெயிலிலும் அலைவதா?" என்பது இரண்டாவது கேள்வி. களத்துக்குப் போகத்தான் வேண்டும், மறைப்பதற்கில்லை. ஆனால் இத்துறையின் பெரும் பகுதி நுணுக்குக்காட்டியின் முன்னால் நடக்கிறது. பொறுமை, சுத்தம், கூர்ந்த கவனம் ஆகியவை இதற்கு வேண்டிய மூலதனம். அரிசியில் கல் பொறுக்கும் கண்ணுக்கு இது அந்நியமில்லை. விடுதி, துணை, தொழுகை வசதி பற்றிய கவலை நியாயமானது. பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ்கள் இயங்குகின்றன. ஏற்கனவே அங்கு படிக்கும் மாணவிகளிடம் விசாரித்து, ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். விசாரிக்காமல் மறுப்பது நீதியாகாது.

ஒல்லாந்து நாட்டின் முதல் பெண் பேராசிரியர் யார் தெரியுமா? 1917இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்ற யோஹன்னா வெஸ்டர்டைக். அவர் கற்பித்தது தாவர நோயியல். அவரிடம் 56 பேர் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். ஐரோப்பாவின் எல்ம் மரங்களைச் சாய்த்த கொடிய நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவரது மாணவியே.

அதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் எத்தியோப்பியாவின் செகனெத் கெலமு. பினோத்தே சலாம் என்ற சிறு ஊரில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பகுதியிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் பெண் என்கிறார்கள். முதலில் விவசாயப் பட்டம், பின்னர் தாவர நோயியல். நைரோபியில் உள்ள சர்வதேசப் பூச்சியியல் ஆய்வு நிலையத்துக்கு 2013இல் தலைவரானார்; 2014இல் பெண் விஞ்ஞானிகளுக்கான யுனெஸ்கோ விருது பெற்றார். அவருடைய ஊரும் 'பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று கேட்டிருக்கக்கூடிய ஊர்தான்.

"படித்து முடித்தால் தொழில் கிடைக்குமா?" இது மூன்றாவது. உடனே கிடைக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. அரச நியமனத்துக்குக் காத்திருக்க நேரலாம். ஆனால் கதவுகள் பல. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு. தலவாக்கலையில் தேயிலை, லுணுவிலையில் தெங்கு, அகலவத்தையில் றப்பர் என்று ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையங்கள், விதைக் கம்பனிகள், பாடசாலையில் விவசாய ஆசிரியர் பதவி, பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி ஆகியவையும் உண்டு. ஒன்றும் இல்லாவிட்டாலும், நோயற்ற நாற்று உற்பத்தி செய்து விற்கும் நாற்றுமேடையை வீட்டு வளவிலேயே நடத்தலாம். நோயில்லாத வாழைக் குட்டிக்கும் நல்ல மிளகாய் நாற்றுக்கும் எந்த ஊரிலும் கேள்வி உண்டு.

இன்றைக்கே செய்யக்கூடியது

பிள்ளை பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்காமல், வீட்டில் உள்ளவர்களும் சிலவற்றைப் பழகிக்கொள்ளலாம். செடி வாடினால் உடனே மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். இலையின் மேலும் கீழும் பாருங்கள். எல்லாச் செடியிலுமா, ஒரு மூலையில் மட்டுமா என்று பாருங்கள். நோய் பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். சத்துக் குறைவு பெரும்பாலும் பாத்தி முழுவதும் ஒரேயடியாகத் தெரியும். நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி, மற்றச் செடிகளில் படாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் செடி, கிழங்கு, விதை ஆகியவற்றைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது நம்மைத் துன்புறுத்த அல்ல. வாழைக் கொத்து நோய் கடல் கடந்த கதையை எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் உயர்தரம் எழுதிய மகள் இருந்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் இரவில் அவளுக்கு ஒரு நிமிடம் பேச இடம் கொடுங்கள். அவள் 'விவசாயம்' என்று எழுத நினைத்தால், அந்தச் சொல்லுக்குக் கீழே எத்தனை துறைகள் இருக்கின்றன என்று அவளையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1990இல் சிதறிய குடும்பங்களில் சில மயிலிட்டியிலும் சில யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் மீண்டும் அடுப்பு மூட்டியிருக்கின்றன. அந்த அடுப்பில் வேகும் வெங்காயமும் மிளகாயும் அதே செம்பாட்டு மண்ணிலிருந்துதான் வர வேண்டும். அந்த மண்ணுக்கு என்ன நோய் என்று பெயர் சொல்லக்கூடிய பிள்ளைகள் எல்லாச் சமூகத்திலிருந்தும் வேண்டும். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தியாக இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், இருப்பாள்.